ஆறண்ணனின் பெயர்

என் கூடப்பிறந்த அண்ணனின் பெயர் எனக்குத் தெரியாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அறுபத்து நாலு வருஷம் ஒரே கரையில் இருந்தோம். அவன் பிடித்த மீனைத் தின்றேன், அவன் வேய்ந்த கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கினேன். அவன் செத்து, சோறு படைத்துக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும் என்றபோதுதான் அது என்னிடம் இல்லை என்று உறைத்தது.

எங்கள் தீவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த வரிசைதான் பெயர். அதிலும் தலைப்பிள்ளையை ஒன்று என்று சொல்லமாட்டோம், இரண்டிலிருந்துதான் தொடங்குவோம். தலைப்பிள்ளையைத் தேடி வருகிற கெட்டது எதுவோ அது ஏமாந்து போகட்டும் என்று. எங்கள் வீட்டில் முதலில் ரெண்டக்கா. அப்புறம் மூன்று, நாலு, ஐந்து. அவர்கள் மூவரும் இப்போது சுவரில் போட்டோவில் இருக்கிறார்கள். பிறகு ஆறண்ணன். பிறகு ஏழு. கடைசியாக நான், எட்டு. படகுத்துறையில் மீன்சாற்றில் அரிசிச் சேவை போட்டு விற்கிற எட்டு என்றால் மேகோங்கின் இந்தக் கிளையில் தெரியாதவர்கள் குறைவு. நான் சும்மா பேசினாலே அக்கரையில் படகு அவிழ்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

"எட்டு பேசினா எட்டு ஊருக்குக் கேக்கும்" என்பான் ஆறண்ணன். அவனோ நேர்மாறு. அவன் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே அப்படி இல்லை. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஏழு இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, எனக்கு ஆறு. ஆறண்ணனுக்குப் பன்னிரண்டு. எங்களைப் பார்த்துக்கொள்ள அவனிடம் சொல்லிவிட்டு அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். எனக்கும் ஏழுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படகுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். நான் கரையில் நின்று, "ஆறண்ணே, ஏழண்ணனக் காணோம், முழுகிட்டான்" என்று அலறுவேன். ஆறண்ணன் தோட்டத்திலிருந்து விழுந்தடித்து ஓடி வருவான். ஏழு தலையைத் தூக்கி 'ஈ' என்று பல்லைக் காட்டுவான். அன்று காலையில் இரண்டு முறை அப்படி ஓடவைத்தோம். இரண்டாவது முறை அவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது முறை நான் கூப்பிட்டபோது ஏழு தலையைத் தூக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். ஆறண்ணன் வரவில்லை.

காற்று எதிர்த்திசை, அவனுக்குக் கேட்டிருக்காது என்றார்கள். நானும் அதையே நம்பினேன். ஆனால் அதற்கப்புறம் அவனைத் தூரத்திலிருந்து நான் கூப்பிட்டதே இல்லை. ஊரையே கத்தி அழைக்கிற நான் அவனிடம் மட்டும் பக்கத்தில் போய்தான் பேசுவேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவனுக்குப் பதினெட்டு ஆயிற்று. பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிற வயது. ஐந்தண்ணன் ஏற்கெனவே பெட்டியில் திரும்பி வந்திருந்தான். ஏழு செத்ததை யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. சண்டைக் காலத்தில் பெரியவர்கள் சாவையே எழுத ஆளில்லை, குழந்தை சாவை யார் எழுதப்போகிறார்கள்? அம்மா ஆறண்ணனின் பிறப்புக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். ஏழின் காகிதத்தை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"இனிமே நீ துவன். பதினாலு வயசு."

துவன் என்பது ஏழின் பெயர். ஏழின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி அம்மா அவனிடம் சத்தியம் வாங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பழைய பேர இந்த வீட்டுல யாரும் வாயில எடுக்கக்கூடாது. உன் பேரு ஏழு காதுல விழுந்தா, அப்ப என் பேரு எங்கேனு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன் பெயர் தெரிந்திருக்க வேண்டும்தானே என்று கேட்பீர்கள். மூத்தவர் பெயரைச் சின்னது சொன்னால் வாயில் அடி விழுகிற வீடு எங்களுடையது. எப்போதாவது காதில் விழுந்திருந்தாலும் அது ஒட்டவில்லை. எனக்கு அவன் ஆறண்ணன், அவ்வளவுதான்.

பதினெட்டு வயதுப் பையனைப் பதினாலாகக் காட்ட அம்மா அவன் சோற்றைப் பாதியாக்கினாள். நான் அவன் எதிரில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் தின்பேன். அவன் அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவான். ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர்கூடத் தொடாமல் மீசையை மழிப்பான். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கி, "ஏண்டா, மூக்குக்குக் கீழ என்ன, அடுப்புக்கரியா?" என்று கேட்டானாம். உடைந்த குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அன்றிலிருந்து மெல்லிய குரலில் பேசப் பழகினான். பழைய குரல் அப்புறம் திரும்பி வரவே இல்லை. அந்த மெலிவுக்குத் துறையில் அவனுக்குச் சென்னாகூனி, அதாவது பொடி இறால், என்று பட்டப்பெயர் விழுந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் எதுவும் மாறவில்லை. காகிதத்தில் அவன் துவன், எங்களுக்கு ஆறுதான்.

போர் முடிந்ததும் மாற்றிக்கொண்டிருக்கலாமே என்றால், கேட்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? 'நாங்கள் பொய்க் காகிதத்தில் இருந்தோம்' என்று அந்தக் காலத்தில் எந்த மேஜைக்கு முன்னால் போய் நிற்பது? துவன் என்ற பெயரிலேயே கல்யாணம் நடந்தது, தோட்டம் வந்தது, மகன் லோங் பிறந்தான். அண்ணியும் எங்கள் வழக்கப்படி தன் பிறந்தவீட்டு எண்ணை விட்டுவிட்டு ஆறாம் அண்ணி ஆனாள். காகிதக் கதை அவளுக்கும் தெரியும். இந்தத் தீவில் பாதி ஆம்பளைகள் வேறொருவன் காகிதத்தில் வாழ்ந்தவர்கள்தான், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மட்டும் அவன் வீட்டில் இருக்கமாட்டான். ஏழின் நினைவு நாளன்று. செத்தவர்களைச் சாப்பிட அழைக்கும்போது மட்டும் நாங்கள் பெயர் சொல்வோம். அம்மா இருந்தவரை அம்மாவும், அப்புறம் நானும் சோறு படைத்து, "துவன், வந்து சாப்பிடு" என்று கூப்பிடுவோம். காலையிலேயே ஆறண்ணன் படகை எடுத்துக்கொண்டு நடு நதிக்குப் போய்விடுவான். ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம் பார்த்துத்தான் வருவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் நானே ஒரு படகைப் பிடித்து, தூக்கில் சோறும் இளநீரில் வெந்த பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"யாருக்கு வச்ச சோறு?" என்றான்.

"ஏழுக்கு வச்சது. மிச்சம்."

"அப்ப எனக்கு வேணாம். அம்பது வருஷமா அவன் பேர நான் தின்னுட்டிருக்கேன். சோத்தையாவது விட்டுவைக்கறேன்."

"கெழவனாயிட்டும் உனக்குப் புத்தி வரல" என்று தூக்கை மூடினேன். அவன் துடுப்பை எடுத்துப் படகுக்குள் வைத்தான். அப்புறம் சொன்னான்.

"எட்டு, அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. நான் கொய்யா மரத்து மேல இருந்தேன். மறுபடியும் வெளையாடறீங்கனு நெனச்சேன். 'போடி'னு சொல்லிட்டு இன்னொரு காயப் பறிச்சேன்."

திட்டவா, கட்டிக்கொண்டு அழவா? இரண்டு முறை பொய் சொன்னவள் நான். மூன்றாவதை நம்பாதவன் அவன். யாரை யார் திட்டுவது?

"நான் போனா என்னை அந்தப் பேர்ல கூப்பிடாத" என்றான். "அவன்தான் எந்திரிச்சு வருவான். நான் பின்னால நிக்கணும். அங்கயும் அவன் கிண்ணத்துல கைவைக்க என்னால ஆகாது."

"அப்ப உன் பேரச் சொல்லு. அதச் சொல்லியே கூப்பிடறேன்."

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே. கடைசில சொல்றேன்."

"கடைசினு உனக்கு முன்னாடியே சீட்டு அனுப்புவாங்களாக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கே மடியைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்க வேண்டாமா?

போன வருஷம் மழைக்கு முன்னால் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு புரளவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். நினைவு இருந்தது, நாம் சொல்வது புரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. என்னைப் பார்த்தாலே வாயைக் கோணிக்கோணி ஏதோ முயற்சி செய்வான். எனக்குத் தெரியும் அது என்னவென்று. காதோரம் குனிந்து ஒவ்வொரு பெயராகக் கேட்க ஆரம்பித்தேன். ஹோவாவா? தாமா? லீயெமா? கூவாங்கா? ஒவ்வொன்றுக்கும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். தெரிந்த ஆண் பெயரெல்லாம் தீர்ந்து, படகுக்காரர்கள் பெயர், என் கடைக்குக் கடன் சொல்லி வருகிறவர்கள் பெயர் எல்லாம் கேட்டேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ், "என்ன அத்தை, லாட்டரிச் சீட்டா விக்கிறீங்க?" என்றாள். ஆறண்ணனின் இடப்பக்க உதடு சிரித்தது. பத்தாவது நாள் நான் கேட்டபோது தலையை ஆட்டவில்லை. கண்ணோரம் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் போய்விட்டான்.

கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்று அடக்கத்தன்றே சண்டை வந்தது. எங்கள் வீட்டுக் கல்லறைகள் லோங்கான் பழமரங்களுக்கு நடுவே இருக்கின்றன. ஏழுக்குக் கல் கிடையாது, ஒரு மேடு மட்டும். அதற்குப் பக்கத்தில்தான் ஆறண்ணனைப் புதைத்தோம்.

"அந்த மேட்டுல ஏற்கெனவே ஒரு துவன் படுத்திருக்கான்டா" என்றேன் லோங்கிடம். "பக்கத்துல இன்னொரு துவன்னு வெட்டப்போறியா?"

"எட்டத்தை, தோட்டம் அந்தப் பேர்ல, என் பிறப்புக் காகிதம் அந்தப் பேர்ல. கல்லுல வேற பேர் இருந்தா நாளைக்கு நான் யார் மகன்னு கேப்பாங்க. சரி, துவன் வேணாம். என்ன பேர் போடட்டும், நீங்களே சொல்லுங்க."

எனக்கு வாய் அடைத்துப்போனது. எட்டு ஊருக்குக் கேட்கிற வாய்.

அண்ணி முன்னால் வந்தாள். "நாப்பத்தி ரெண்டு வருஷம் நான் துவனோடதான் குடும்பம் நடத்தினேன்" என்றாள். "உங்களுக்கெல்லாம் அவர் ஆறு. தனியா இருக்கறப்ப நான் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவரும் 'ம்'னு சொல்வாரு. அது அவர் பேரு இல்லைனா நான் கூப்பிட்டது யார, எட்டு?"

துவன் என்றே கல் வெட்டினார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் படையல். மந்திரம் ஓத வந்தவர் பத்து வாத்தியார். வீட்டில் பத்தாவதாகப் பிறந்தவர், அதனால் அந்தப் பெயர். எல்லாம் பரப்பி வைத்து, "ஹுயின் வான் துவன்" என்று முழுப்பெயரையும் மூன்று முறை ராகம் போட்டு அழைத்தார். ஊதுபத்தி பாதி எரிந்ததும் தட்டில் இரண்டு பழைய காசுகளைப் போட்டார். காசின் ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழுந்தால் கூப்பிட்டவர் வந்து சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். இரண்டும் ஒரே நிறம் என்றால் வரவில்லை. மூன்று முறைதான் போடலாம். மூன்று முறையும் ஒரே நிறம்.

அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சமைச்சது பிடிக்கலயா அவருக்கு" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தோன்றியது வேறு. ஆறும் ஏழும் வாசலில் நின்று, உன் பேரைத்தானே கூப்பிடுகிறார்கள் நீ போ, இல்லை நீ போ என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் இருவருமே பட்டினியாகத் திரும்பியிருப்பார்கள்.

அடுத்தது நூறாம் நாள். அதற்குள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். ரெண்டக்கா நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். எண்பத்து மூன்று வயது.

"பேரா? ஆறுதான்டி."

"அது வரிசை அக்கா. பேரு என்ன, பேரு?"

"அவனத் தூக்கி வளத்தவ நானு. ஒரு நாளாவது ஆறுன்னு தவிர வேற எப்படிக் கூப்பிட்டேன்? ஆமா, அவன் சாப்பிட்டானா? அம்மா அவனுக்கு மட்டும் அரைக் கிண்ணந்தான் போடறா, நீ பாத்தியா?" அவளுக்கு இப்போது எது எந்த வருஷம் என்று தெரியாது. "போட்டாச்சு அக்கா, வயிறு நெறைய சாப்பிட்டான்" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

சந்தையில் முடிவெட்டுகிற கிழவர் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர். கத்தரியைக் கீழே வைத்து யோசித்தார். "சென்னாகூனி... அதுக்கு முன்னாடி... ஆறு. கோழிச்சண்டைக்குக்கூட ஆறு கோழினுதானேம்மா சொல்லுவோம். ஆம்பளைய யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவா?" பள்ளிக்கூடத்துப் பதிவேடு எழுபத்தெட்டு வெள்ளத்தோடு போய்விட்டதாம். வேறு யாரிடம் கேட்பது? அந்தப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

நூறாம் நாள் காலையில் நானே சமைத்தேன். இரண்டு கிண்ணம் எடுத்தேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் கிண்ணத்தை ஏழின் படத்துக்கு முன்னால் வைத்து, "துவன், இது உனக்கு. உன் பேரு உனக்கே" என்றேன். இரண்டாவது கிண்ணத்தில் சோற்றை அழுத்தி அழுத்திக் கோபுரமாக வைத்தேன்.

"இத எந்தப் பேருக்குப் படைக்கறது?" என்றார் பத்து வாத்தியார்.

"ஆறண்ணனுக்கு."

"எட்டும்மா, வீட்டுக்கு வீடு ஒரு ஆறு இருக்கான். செத்த ஆறே இந்தத் தீவுல அம்பது தேறும். சோத்தப் போட்டா ஆயிரம் காக்கா. எந்த ஆறு வரும்?"

"என் சத்தம் அவனுக்குத் தெரியும்" என்றேன்.

தட்டையும் காசையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அண்ணி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். லோங்கும் வாத்தியாரும் வந்தார்கள். ஏழு முழுகின அதே படித்துறை. அப்போதிருந்த கொய்யா மரம் இப்போது இல்லை. அந்த இடத்தைப் பார்த்து நின்றுகொண்டு, இத்தனை வருஷம் கூப்பிடாத கூப்பாட்டைக் கூப்பிட்டேன். "ஆறண்ணே, சாப்பிட வா." மூன்று முறை. அக்கரையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

காசைப் போட்டேன். இரண்டும் வெள்ளை.

"இன்னும் ரெண்டு தடவ இருக்கு" என்றார் வாத்தியார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் காதுக்கு இது அதே குரல், அதே கரை, அதே கூப்பாடு. அவன் ஏன் நம்ப வேண்டும்?

"ஆறண்ணே" என்றேன். "இது வெளையாட்டு இல்லண்ணே. அன்னிக்கும் கடைசியாக் கூப்பிட்டது வெளையாட்டு இல்ல. நெசமாத்தான் கூப்பிடறேன். மரத்த விட்டு எறங்கி வா."

காசு தட்டில் சுழன்று விழுந்தது. ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

நான் அப்படியே படியில் உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல் ஓலமிட்டேன். அண்ணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் படியில் வைத்தாள். சோற்றின் மேல் கறித்துண்டைச் சரிசெய்தாள். பிறகு என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

"சத்தம் போடாத எட்டு" என்றாள். "அவரு சாப்பிடட்டும்."